பின் ஹப்பும் கியரும் ஒத்துப்போகாதபோது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

மலைச் சைக்கிளில் ஹப் (பின் சக்கரத்தின் நடுப்பகுதி), கேசட் அல்லது ஃப்ரீவீல் (பின்புறப் பல்சக்கரத் தொகுப்பின் இரு வகைகள்), ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி) என்று ஏதோ ஒன்றை மாற்றிய பிறகு வரும் கோளாறுகளுக்கு மட்டுமே இந்த வழிமுறை. இப்படி என் கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே கதையோடு வருகின்றன. "டீரெய்லர் திருகை எல்லாப் பக்கமும் திருகிப் பார்த்துவிட்டேன், கியர் நிற்கவில்லை" என்பார்கள். டீரெய்லர் என்பது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்; அதன் திருகில் ஒரு குறையும் இருக்காது. ஹப்பில் ஒரு ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) விட்டுப்போயிருக்கும், அல்லது 8 கியர் கேசட்டுக்கு 9 கியர் ஷிஃப்டர் போட்டிருப்பார்கள்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எதை மாற்றினீர்கள்? அங்கிருந்து தொடங்குங்கள். கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கட்டும். திருகைத் தொடுவதற்கு முன் அளவெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில்: உங்களுடையது ஃப்ரீவீலா, கேசட்டா?

பாகம் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது இது. சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கழற்றும் கருவி நுழையும் வரிப்பள்ளம் தெரியும். பல்சக்கரங்களோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட். அது அசையாமல் நிற்க, பல்சக்கரங்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் ஹப்பின் மரையில் மொத்தமாகத் திருகி ஏறுவது. கேசட் ஃப்ரீஹப் பாடியின் (ஹப்பின் வலப்பக்கம் தனியே சுழலும் உருளை) வரிகளில் சறுக்கி ஏறுவது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட வழியே இல்லை. ஃப்ரீவீல் ஹப்பில் கேசட் வேண்டுமென்றால் ஹப்பையே, அதாவது நடைமுறையில் சக்கரத்தையே, மாற்ற வேண்டும்.

அறிகுறி 1: சக்கரம் ஃபிரேமுக்குள் உட்காரவில்லை

பழைய ஹப்பையும் புதிய ஹப்பையும் அருகருகே வைத்து, இரண்டு பக்கத்து லாக்நட்டுகளின் (ஆக்ஸில் முனையில் உள்ள நட்டுகள்) வெளிமுகத்துக்கு இடையே அளந்து பாருங்கள். மலைச் சைக்கிள்களில் அதிகம் பார்ப்பவை இவை: குயிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்குவது) என்றால் 135 மி.மீ.; 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஃபிரேமில் திருகி ஏறும் அச்சு) என்றால் 142 அல்லது 148. 148-ஐத்தான் பூஸ்ட் என்கிறார்கள். மலையிறக்கப் பந்தய வண்டிகளில் 157 வரும். 130 வந்தால் அது ரோடு சைக்கிள் ஹப்.

*135-க்கும் 142-க்கும் இடையில் மாட்டிக்கொண்டால்:* பயப்பட வேண்டாம். 142 ஃபிரேமில் ஒவ்வொரு பக்கமும் ஹப் முனை உட்காரும் பள்ளம் இருக்கும். கூடுதலாகத் தெரியும் 7 மி.மீ. அதற்காகத்தான். கேசட்டும் பிரேக் டிஸ்க்கும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பல ஹப்புகளுக்கு முனை மூடிகளை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் ஹப் மாடலுக்கு அந்த மூடி கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*142 ஹப், 148 ஃபிரேம் என்றால்:* பூஸ்டில் கேசட்டும் டிஸ்க்கும் இரு பக்கமும் 3 மி.மீ. வெளியே தள்ளியிருக்கும். இதற்கு அடாப்டர் தொகுப்புகள் உண்டு. ஆனால் அவற்றோடு டிஸ்க்குக்கு ஸ்பேசர், சில தொகுப்புகளில் ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுக்கும் வேலை எல்லாம் வரும். தற்காலிகத்துக்குச் சரி. நீண்ட நாள் ஓட்டும் வண்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

*130 ஹப், 135 ஃபிரேம் என்றால்:* ஆக்ஸிலை இறுக்கி ஃபிரேமை உள்ளே இழுத்துப் பொருத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அலுமினியத்திலும் கார்பனிலும் அதைச் செய்யவே கூடாது. டிராப்அவுட் (ஆக்ஸில் உட்காரும் ஃபிரேம் முனை) கோணினால் ஹேங்கரும் (டீரெய்லர் தொங்கும் துண்டு) கோணும். அதன் பிறகு கியர் எந்த நாளும் சரியாக விழாது.

*அகலம் சரி, ஆனால் குயிக் ரிலீஸ் இறுகவில்லை என்றால்:* ஹப் ஆக்ஸிலின் முனை டிராப்அவுட்டின் கனத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டினால் குயிக் ரிலீஸ் ஆக்ஸிலைத்தான் கவ்வும், ஃபிரேமைக் கவ்வாது. சக்கரம் ஓட்டத்தில் இடம் மாறும். ஆக்ஸில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக நீட்டினால் கோன்களை (பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டுகள்) தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம்.

*எப்போது மெக்கானிக்:* த்ரூ ஆக்ஸில் முதல் இரண்டு சுற்றுக் கையால் ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 12 மி.மீ. ஆக்ஸில்களின் மரை இடைவெளி 1, 1.5, 1.75 மி.மீ. என வேறுபடும். தவறான ஆக்ஸிலை ஆலன் கீ போட்டு ஏற்றினால் போவது ஃபிரேமின் மரை.

அறிகுறி 2: கேசட் ஏறவில்லை, அல்லது ஏறியும் ஆடுகிறது

எனக்கு அதிகம் வரும் கோளாறு இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

*வரிகளில் நுழையவே இல்லை.* முதலில் திருப்பிப் பாருங்கள். ஷிமானோவின் எச்ஜி பாடியில் ஒரு வரி மட்டும் அகலம் மாறியிருக்கும். கேசட் ஒரே ஒரு நிலையில்தான் நுழையும். அதைக் கண்டுபிடித்தும் நுழையவில்லை என்றால் பாடியின் வகையே வேறு.

இன்று மலைச் சைக்கிள்களில் மூன்று வகைகள் பரவலாக உள்ளன. பழைய, எங்கும் காணும் எச்ஜி. 2012-இல் ஸ்ராம் கொண்டுவந்த எக்ஸ்டி. 2018-இல் ஷிமானோ கொண்டுவந்த மைக்ரோ ஸ்ப்லைன். கண்ணால் பிரித்தறிய ஒரு வழி: மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். 10 பல் என்றால் அது எச்ஜி பாடிக்கானது அல்ல. 11 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் எச்ஜி. 12 கியர் என்றாலே புதிய பாடி வேண்டும் என்பதும் சரியில்லை. ஸ்ராமின் என்எக்ஸ் ஈகிள் 11-50 கேசட் எச்ஜி பாடியிலேயே ஏறும். ஷிமானோ டியோர் 12 கியரின் 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் வேண்டும். கேசட் வாங்குவதற்கு முன் ஹப் தயாரிப்பாளரிடம் உங்கள் மாடலுக்கு எந்தப் பாடி கிடைக்கும் என்று விசாரியுங்கள். ஒரு நிறுவனத்தின் பாடி மற்றொன்றின் ஹப்பில் ஏறாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறும்.

*ஏறியது, லாக்ரிங்கும் (கேசட்டை அழுத்திப் பிடிக்கும் வளையம்) இறுகியது, ஆனால் பல்சக்கரங்கள் கையில் ஆடுகின்றன.* இது ஸ்பேசர் விவகாரம். லாக்ரிங்கைக் கழற்றிவிட்டு, கேசட் முழுமையாக உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் பாருங்கள். ஃப்ரீஹப் பாடியின் விளிம்பு கடைசிப் பல்சக்கரத்தின் முகத்துக்குச் சற்று உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தாலோ வெளியே தெரிந்தாலோ லாக்ரிங் பாடியில் முட்டி நின்றுவிடும், கேசட்டை அழுத்தாது. எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது.

எச்ஜியில் எந்த இடைவெளிக்கு எந்த ஸ்பேசர் என்பது தெளிவானது. 8, 9, 10 கியர் கேசட்டுகளுக்கும் மலைச் சைக்கிளின் 11 கியர் கேசட்டுக்கும் பாடி ஒன்றே. அந்தப் பாடியில் 7 கியர் கேசட் போட்டால் பின்னால் 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். ரோடு சைக்கிளின் 11 கியர் பாடி 1.85 மி.மீ. நீளம் அதிகம். பழைய ரோடு டிஸ்க் சக்கரம் ஒன்றை மலைச் சைக்கிளுக்கு எடுத்திருந்தால் 1.85 மி.மீ. ஸ்பேசரைக் கேசட்டுக்குப் பின்னால் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். முன்னால் போடுவதில் பயன் இல்லை.

*லாக்ரிங் மரையைப் பிடிக்கவே இல்லை.* மேலே சொன்னதற்கு நேர் எதிர். ஸ்பேசர் அதிகமாகிவிட்டது, அல்லது 7 கியர் பாடியில் 8 கியர் கேசட்டைப் போடுகிறீர்கள், அல்லது கேசட்டின் உள் ஸ்பேசர்களில் ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது. கேசட்டைக் கழற்றும்போதே பாகங்களை வரிசை மாறாமல் ஒரு கயிற்றில் கோத்துவையுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

*லாக்ரிங் ஏறியது, ஆனால் சிறிய பல்லில் செயின் சரியாகப் படியவில்லை.* லாக்ரிங்குகள் சிறிய பல்சக்கரத்தின் அளவுக்கேற்ப மாறும். 12 பல்லுக்கான அகலமான லாக்ரிங் 11 பல்லின் மேல் உட்கார்ந்தால் செயினில் முட்டும். கேசட்டோடு வந்த லாக்ரிங்கையே போடுங்கள்.

இறுக்கும் அளவு 40 நியூட்டன் மீட்டர். கையில் டார்க் ரென்ச் இல்லையென்றால், இறுகும்போது லாக்ரிங்கின் வரிகள் கரகரவென்று சத்தமிட்டு நகரும். அந்தச் சத்தம் வந்து, அதற்கு மேலும் நன்றாக அழுத்த வேண்டியிருக்கும். பலர் பயந்து குறைவாகத்தான் இறுக்குகிறார்கள்.

*எப்போது மெக்கானிக்:* அலுமினியப் பாடியில் தனித்தனிப் பல்சக்கரங்கள் வரிகளைக் கடித்து உள்ளே போயிருந்தால் கேசட் வெளியே வராது. சிறிய கடி என்றால் அரத்தால் மெல்லச் சமன் செய்யலாம். வரியின் பாதிக்கு மேல் வெட்டு இருந்தால் பாடியை மாற்றுங்கள்.

அறிகுறி 3: ஃப்ரீவீல் கோணலாக ஏறுகிறது, அல்லது சிறிய பல்சக்கரம் ஃபிரேமில் உரசுகிறது

ஹப்பின் மரை மெல்லியது, அங்குலத்துக்கு 24. மரைகளைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையால் மட்டுமே ஏற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்றில் தடை தெரிந்தால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள். தனியாக இறுக்கத் தேவையில்லை, மிதிக்கும்போது தானே இறுகும். ஒருமுறை மரை குறுக்கே வெட்டிவிட்டால் அலுமினிய ஹப் போயிற்று.

6 கியர் ஃப்ரீவீலுக்குப் பதில் 7 கியர் போட்டால் சிறிய பல் ஃபிரேமைத் தொடலாம். அந்தப் பக்கம் ஆக்ஸிலில் ஒரு ஸ்பேசர் கூட்டினால் போதும். ஆனால் ரிம் இப்போது நடுவில் இருக்காது. ஸ்போக் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்போக் சாவி பழக்கமில்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் சக்கரம் கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 4: சில கியர் விழுகிறது, சில கியர் விழவில்லை

எங்கே தவறுகிறது என்பதைப் பாருங்கள். அது காரணத்தைச் சொல்லிவிடும்.

*எல்லாக் கியரிலும் ஒரே அளவு பிசகு என்றால்* கேபிள் இழுவிசை. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் முனையில் உள்ள, கையால் திருகும் குமிழ்) இடப்புறமாக அரைச் சுற்று. தாண்டி ஓடினால் வலப்புறமாக.

*ஏறுகிறது, இறங்கத் தாமதிக்கிறது என்றால்* கேபிள் உறைக்குள் துரு அல்லது அழுக்கு. இழுவிசையைத் தொடாதீர்கள், கேபிளையும் உறையையும் மாற்றுங்கள். மிக மலிவான பாகம் இது. ஆனால் எல்லோரும் கடைசியாகத்தான் மாற்றுகிறார்கள்.

*ஒரு முனையில் சரி, மறுமுனைக்குப் போகப்போகப் பிசகு என்றால்* ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லரின் இரு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர்தான். அதை நிமிர்த்தத் தனி அளவுகோல் உண்டு. அது இல்லாமல் கையால் வளைத்துப் பார்க்காதீர்கள், மரை இருக்கும் இடத்திலேயே முறியும். மெக்கானிக்குக்குச் சில நிமிட வேலைதான்.

*நடுவில் சரி, இரண்டு முனையிலும் தவறு என்றால்* பாகங்கள் பொருந்தவில்லை. இதற்கு எந்தத் திருகும் மருந்தாகாது. பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 8 கியர் கேசட்டில் 4.8 மி.மீ., 9-இல் 4.35, 10-இல் 3.95. 8 கியர் கேசட்டுக்கு 9 கியர் ஷிஃப்டர் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் கிட்டத்தட்ட 0.45 மி.மீ. குறையும். நடுக் கியரில் சரியாக வைத்தால் மூன்று தட்டு தள்ளிப் போவதற்குள் 1.3 மி.மீ. பிசகிவிடும். செயின் இரண்டு பல்லுக்கும் நடுவே உரசிக்கொண்டு நிற்க அது போதும்.

எண்கள் ஒத்திருந்தும் இதே அறிகுறி வந்தால், ஷிஃப்டரும் டீரெய்லரும் வேறு வேறு குடும்பமாக இருக்கும். ஷிமானோவின் 8, 9 கியர் மலைச் சைக்கிள் டீரெய்லர்கள் கேபிள் இழுக்கும் அளவுக்கு ஒரே விதமாக நகரும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். 10 கியர் மலைச் சைக்கிள் டீரெய்லரில் அந்தக் கணக்கை ஷிமானோ மாற்றிவிட்டது. 10 கியர் ஷிஃப்டரோடு 9 கியர் டீரெய்லர் சேராது. ஸ்ராம் ஷிஃப்டரோடு ஷிமானோ டீரெய்லரைச் சேர்ப்பதும் அப்படியே. என் கருத்து: ஷிஃப்டர், டீரெய்லர், கேசட் மூன்றையும் ஒரே கியர் எண்ணிக்கையில் எடுங்கள், முதல் இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கட்டும்.

செயினையும் பாருங்கள். 8 கியர் செயினின் வெளி அகலம் சுமார் 7.1 மி.மீ., 9 கியருக்கு 6.6. அகலமான செயினைக் குறுகிய கேசட்டில் போட்டால் எல்லா இடத்திலும் அடுத்த பல்லைத் தொட்டுச் சலசலக்கும்.

அறிகுறி 5: அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது

இந்த அறிகுறியோடு வண்டியை மேட்டில் ஓட்டாதீர்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று வெறுமையானால் ஆள் கைப்பிடியின் மேல்தான் விழுவார்.

நின்ற இடத்தில் ஒரு சோதனை. பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் பலமாக அழுத்துங்கள். அப்போது என்ன நடக்கிறது?

*செயின் பல்லின் மேல் ஏறித் தாண்டுகிறது:* தேய்மானம். செயினை அளந்து பாருங்கள். புதிய செயினில் ஆணி நடுவிலிருந்து ஆணி நடுவு வரை 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். 306.3 வந்தால் செயினை மாற்றும் நேரம். 307.8-ஐத் தொட்டுவிட்டால் கேசட்டும் பெரும்பாலும் போயிருக்கும். புதிய செயின் போட்ட அன்றே வழுக்கத் தொடங்கினால், அதுவும் நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டும் என்றால், செயினைக் குறைசொல்ல வேண்டாம்; பழைய கேசட்டின் பற்கள் கொக்கிபோல் ஆகிவிட்டன.

*சீரான இடைவெளியில் ஒரு முறை மட்டும் துள்ளுகிறது:* செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டீரெய்லரில் வளையாமல் வரும் கண்ணியைத் தேடிப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து விடுங்கள்.

*செயின் பல்லிலேயே நிற்கிறது, கேசட் மட்டும் 'டக்'கென்று நகர்கிறது:* ஃப்ரீஹப்புக்குள் இருக்கும் பிடிநகங்கள் பிடிக்கவில்லை. ஹப்பைத் திறந்து சர்வீஸ் செய்தபின் இது வந்தால் கிரீஸ்தான் காரணமாக இருக்கும். பேரிங்குக்குப் போடும் கெட்டியான கிரீஸை நகங்களில் அப்பினால் அவை ஒட்டிக்கொண்டு எழும்பாது. தொடக்கத்தில் நானே இந்தத் தவறைச் செய்து ஒருவருக்கு முழங்கால் சிராய்த்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் அல்லது ஹப் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மிகக் குறைவாகத் தடவுங்கள். நகங்களின் முனை மழுங்கியிருந்தாலோ ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ பாடியை மாற்றுவதுதான் வழி. ஷிமானோவின் பல மாடல்களில் ஆக்ஸிலைக் கழற்றிய பின் உள்ளே 10 மி.மீ. ஆலன் போல்ட் தெரியும். பாடி முழுதாகவே கழன்று வரும்.

அறிகுறி 6: மிதிக்காமல் உருளும்போது பெடல் தானே சுற்றுகிறது, மேல் செயின் தொய்கிறது

ஃப்ரீஹப் தடையின்றிச் சுழலவில்லை. முதலில் வெளியே பாருங்கள். கேசட்டுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தட்டு உரசுகிறதா, முனை மூடி மாறிச் சிறிய பல் ஃபிரேமைத் தொடுகிறதா? அடுத்து, சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக் கேசட்டைச் சுற்றுங்கள். கையில் லேசாகச் சுற்றி, ஃபிரேமில் போட்டு இறுக்கியதும் கனமாகச் சுற்றினால் பாடிக்கும் ஹப்புக்கும் இடையே ஒரு ஸ்பேசர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது கோன் அதிகம் இறுகியிருக்கிறது. கையிலும் கனமாகச் சுற்றினால் உள்ளே அழுக்கு.

அறிகுறி 7: ரிம்மைப் பிடித்து ஆட்டினால் சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது, அல்லது சுற்றும்போது கரகரக்கிறது

கோன் வகை ஹப் என்றால் பின்னால் பக்கத்துக்கு 9 குண்டுகள், கால் அங்குல அளவு. மாற்றினால் இரு பக்கமும் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். குயிக் ரிலீஸ் ஹப்பில் கோனை ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் தவறு. குயிக் ரிலீஸ் மூடும்போது ஆக்ஸில் சற்றே அமுங்கும். அதனால் கையில் மயிரிழை ஆட்டம் இருந்து, ஃபிரேமில் மூடியதும் அது மறைய வேண்டும். சரியான நிலைக்கு நாலைந்து முறை கழற்றி மாட்ட வேண்டிவரும். பொறுமைதான் இங்கே கருவி.

கோனில் குழி விழுந்திருந்தால் கோன் கிடைக்கும். ஹப்பின் உள் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் புதிய ஹப்.

ஆக்ஸிலை விரலால் சுற்றும்போது முனை வட்டம் போட்டால் வளைந்துவிட்டது. ஃப்ரீவீல் ஹப்பில் இது அடிக்கடி வரும். வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்ஸில் முனை தாங்கலின்றி நிற்கிறது. கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர் இரண்டாவது ஆக்ஸிலையும் வளைத்துவிட்டால், மூன்றாவதற்குச் செலவழிக்காமல் ஃப்ரீஹப் சக்கரத்துக்கு மாறுவது நல்லது.

அடைபட்ட பேரிங் வகை என்றால் அதன் மூடியிலேயே எண் இருக்கும், அதையே வாங்குங்கள். உள்ளே அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். அழுத்தும் கருவி இல்லையென்றால் சுத்தியலை எடுக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி 8: பெரிய பல்லில் உறுமுகிறது, அல்லது அதைத் தாண்டிச் செயின் ஸ்போக்கில் விழுகிறது

ஹப்போ ஸ்பேசரோ மாறினால் கேசட் ஒன்றிரண்டு மி.மீ. இடம் மாறியிருக்கும். அதனால் எல்லைத் திருகின் (டீரெய்லர் எதுவரை நகரலாம் என்று தடுக்கும் திருகு) பழைய நிலை இப்போது தவறு. முதல் ஓட்டத்துக்கு முன்பே, ஸ்டாண்டில் வைத்து, டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். பெரிய பல்லில் ஏற வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'L' என்று குறித்த எல்லைத் திருகை உள்ளே திருகுங்கள். ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

உறுமல் மட்டும் என்றால் மேல் சிறு சக்கரம் பல்லில் முட்டுகிறது. பி திருகை (டீரெய்லரைக் கேசட்டிலிருந்து விலக்கும் திருகு) உள்ளே திருகினால் விலகும். முழுவதும் திருகியும் விலகவில்லை என்றால் அந்தப் பெரிய பல் உங்கள் டீரெய்லரின் தாங்கும் அளவைத் தாண்டியது. அதன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் பட்டியலிலோ அதிகபட்சப் பல் எண்ணிக்கை இருக்கும்.

பெரிய கேசட்டுக்கு மாறியவர்கள் செயின் நீளத்தையும் பாருங்கள். டீரெய்லருக்குள் விடாமல், முன்னும் பின்னும் பெரிய பல்லில் செயினைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூடுதலாக விடுவது பழைய, நம்பகமான கணக்கு. பின் சஸ்பென்ஷன் வண்டியில் காற்றை இறக்கி, பின் சக்கரம் மிகத் தொலைவுக்குப் போகும் நிலையில் அளக்க வேண்டும். 12 கியர் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் கூடுதல் நீளத்தைப் பின்பற்றுங்கள். செயின் குட்டையாக இருந்து பெரிய பல்லில் ஏறினால் டீரெய்லர், ஹேங்கர் இரண்டும் ஒரே நொடியில் முறியும்.

செயின் ஒருமுறை ஸ்போக்குக்குள் விழுந்துவிட்டதென்றால், கேசட்டைக் கழற்றி வலப்பக்க ஸ்போக்குகளின் வளைவைப் பாருங்கள். வெட்டுப்பட்ட ஸ்போக் அன்றே உடையாது, சில வாரம் கழித்து உடையும். மூன்று நான்கில் வெட்டு இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றித் தரச் சொல்லிச் சக்கரம் கட்டுபவரிடம் கொடுங்கள்.